மாத்திரையா, நடையா: பதற்றத்துக்கு வைத்தியம் பார்த்த 150 வருஷம்

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேசும்போது திரும்பத் திரும்ப வந்த இடங்களைக் குறைத்திருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு கப்பல் பயணத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

1954, ஜனவரி மாசக் கடைசி. இங்கிலாந்திலிருந்து இலங்கைக்குப் புறப்படுகிற ஒரு கப்பலில் 50 வயது ஆள் ஒருத்தர் ஏறுகிறார். பெயர் ஈவ்லின் வா. அந்தக் காலத்து இங்கிலாந்தில் மிகப் பிரபலமான நாவலாசிரியர். கையில் பாதி எழுதிய நாவல். பல வருஷமாகச் சரியான தூக்கம் இல்லை. குளோரல், புரோமைடு என்று இரண்டு மருந்தைக் கலந்து, மதுவோடு சேர்த்துக் குடித்துத்தான் தூங்குகிறார். இந்தப் பயணமே ஒரு வைத்தியம்தான். இடம் மாறினால், கடல் காற்று பட்டால், நரம்பு அமைதியாகும் என்பது கணக்கு.

கப்பல் கிளம்பிச் சில நாளிலேயே வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறார்: கூட வருகிறவர்கள் என்னைப் பற்றிக் குசுகுசுவென்று பேசுகிறார்கள். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவரைப் பேட்டி எடுத்த பிபிசி ஆளின் குரலும் அதில் கேட்கிறது. தாங்க முடியாமல் எகிப்தில் இறங்கி, விமானம் ஏறிக் கொழும்புக்குப் போகிறார். குரல்களும் கூடவே கொழும்புக்கு வருகின்றன. தனக்குப் பேய் பிடித்துவிட்டது என்ற முடிவோடு ஊர் திரும்புகிறார். அங்கே ஒரு டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னது ரொம்பச் சாதாரணமான விஷயம்: இது புரோமைடு விஷம். மருந்தை மாற்றினார்கள். குரல்கள் நின்றன.

இந்தக் கதையை நான் ஏன் எடுத்தேன்னா, போன மாசம் ஒரு நேயர் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். "அண்ணா, எனக்கு ஆங்சைட்டின்னு சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க. வீட்ல எல்லாரும் மாத்திரையைத் தொடாதே, பழகிடும், காலைல எழுந்து நட, காபியை விடு, எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்க. எது சரி?" அவ்வளவுதான் பதிவு. பின்னால் ஒரு பிரஷர் குக்கர் விசில் கேட்குது. நான் அதை நாலு தடவை கேட்டேன்.

நான் டாக்டர் இல்லை. அதனால் அவருக்கு எது சரின்னு நான் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்விக்கு 150 வருஷ வரலாறு இருக்கு. மாத்திரை ஒரு பக்கம், பழக்கவழக்கம் ஒரு பக்கம்னு எதிரெதிரா நிறுத்திட்டு, ஒரு தலைமுறை இந்தப் பக்கம், அடுத்த தலைமுறை அந்தப் பக்கம்னு ஓடியிருக்காங்க. அதில் அடிபட்டவர்கள் நிறைய பேர். அதைச் சொல்லலாம்.

புரோமைடிலிருந்தே வருவோம். 1857-ல் சார்லஸ் லோகாக் என்ற லண்டன் மருத்துவர், வலிப்பு நோய்க்குப் பொட்டாசியம் புரோமைடு பயன்படுகிறது என்று சொன்னார். வலிப்பை அடக்குகிற மருந்து மனுஷனையும் கொஞ்சம் மந்தமாக்கும், இல்லையா? அதனால் சீக்கிரமே அது தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் படபடப்புக்கும் வீட்டு மருந்தாகவே ஆகிவிட்டது. மலிவான ஒரு உப்பு. யாருக்கும் பயமில்லை.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. உள்ளே போன புரோமைடில் பாதி வெளியேறவே கிட்டத்தட்ட 12 நாள் ஆகும். ஒழுகல் குறைவாக இருக்கிற தொட்டியில் தினமும் ஒரு குடம் ஊற்றினால் என்ன ஆகும்? முதல் வாரம் ஒன்றும் தெரியாது. இரண்டு மாசத்தில் தளும்பும். அப்போது தள்ளாட்டம், மறதி, குழப்பம், இல்லாத குரல்கள் எல்லாம் வரும். வீட்டில் இருக்கிறவர்கள் 'நோய் முற்றிவிட்டது' என்று நினைத்து இன்னும் ஒரு ஸ்பூன் சேர்த்துக் கொடுப்பார்கள். வேடிக்கை என்னன்னா, இந்த விஷத்துக்கு முறிவு நம்ம சமையலறையில் இருக்கிற உப்பு. சோடியம் குளோரைடும் தண்ணீரும் கூடுதலாகக் கொடுத்தால் சிறுநீரகம் புரோமைடை வெளியே தள்ளிவிடும்.

சரி, இதெல்லாம் மருந்தால் வந்த கெடுதல். பழக்கத்தை மாற்றுகிற வைத்தியமாவது சாதுவாக இருந்ததா?

1869-ல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட், நரம்பில் உள்ள சக்தி தீர்ந்துபோவதால் வரும் நோய் என்று ஒன்றைச் சொல்லி 'நியூராஸ்தீனியா' என்ற பெயரைப் பிரபலமாக்கினார். தமிழில் நேராகச் சொன்னால் நரம்புத் தளர்ச்சி. ஆமாம், நம்ம பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருப்பார்களே, அதே வார்த்தை. சுவரொட்டி அங்கிருந்துதான் வந்ததுன்னு நான் சொல்ல வரவில்லை. ஆனால் நினைப்பு ஒன்றுதான்: உடம்பில் ஏதோ தீர்ந்துபோச்சு, அதை நிரப்பணும்.

எப்படி நிரப்புவது? பிலடெல்பியாவில் சைலஸ் வியர் மிட்செல் என்ற மருத்துவர் 'ஓய்வு வைத்தியம்' என்று ஒன்று வைத்திருந்தார். வாரக்கணக்கில் படுக்கை. பாலும் கொழுப்பும் சேர்த்து உடம்பைத் தேற்றுவது. மசாஜ். யாரையும் பார்க்கக் கூடாது, படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. பெரும்பாலும் இது பெண்களுக்கு. ஆண்களைக் குதிரை ஏறச் சொல்லி மேற்குப் பக்கத்துப் பண்ணைகளுக்கு அனுப்பினார். ஒரே நோய்க்கு அவனுக்குக் குதிரை, அவளுக்குக் கட்டில்.

1887-ல் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் என்ற எழுத்தாளர் அந்தக் கட்டிலில் படுத்தார். குழந்தை பிறந்த பிறகு வந்த மனச்சோர்வு. ஒரு மாசம் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது மிட்செல் கொடுத்த அறிவுரை: வீட்டு வேலையோடு இரு, இனி பேனாவைத் தொடாதே. அதைக் கடைப்பிடிக்கப் போய், மூன்று மாசத்தில் புத்தி பேதலிக்கிற விளிம்பு வரைக்கும் போய்விட்டதாக அவரே பிற்பாடு எழுதினார். வைத்தியத்தை விட்டார், மறுபடி எழுத உட்கார்ந்தார். அந்த அனுபவத்திலிருந்து 1892-ல் வந்த கதைதான் 'த யெல்லோ வால்பேப்பர்'.

இங்கே ஒரு சொட்டு மருந்து கிடையாது பாருங்க. நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம், நல்ல ஓய்வு. இன்னைக்கு யாராவது இந்த மூன்றையும் சொன்னால் தலையாட்டுவோம். ஆளைப் பார்க்காமல், அவள் சொல்வதைக் கேட்காமல் கொடுத்தால் ஓய்வும் கெடுக்கும்.

அடுத்து வருவது பார்பிட்யூரேட் காலம். இதில் ரொம்ப நேரம் நிற்கப் போவதில்லை. எமில் ஃபிஷரும் ஜோசப் ஃபான் மெரிங்கும் ஜெர்மனியில் கண்டுபிடித்த பார்பிட்டால், 'வெரோனால்' என்ற பெயரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடைக்கு வந்தது. அந்த வகையில் அப்புறம் நிறைய மருந்துகள் வந்தன. தூங்க வைக்கிற அளவுக்கும் மூச்சை நிறுத்துகிற அளவுக்கும் நடுவில் இடைவெளி குறைவு, மது சேர்ந்தால் இன்னும் குறைவு. 1962-ல் மர்லின் மன்றோ இறந்தபோது அவர் உடம்பில் இருந்தது பார்பிட்யூரேட்டும் குளோரலும்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பிடித்த ஆள் வருகிறார். ஃபிராங்க் பெர்கர். செக்கோஸ்லோவாகியாவின் பில்சன் நகரத்துக்காரர், யூதர். 1938-ல் ஹிட்லருக்குத் தப்பி இங்கிலாந்துக்கு ஓடி வந்தார். போர்க்காலத்தில் அவருக்குக் கிடைத்த வேலை, பெனிசிலின் கெட்டுப்போகாமல் எப்படிப் பாதுகாப்பது என்று பார்ப்பது. அதற்காக ஒரு ரசாயனத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது எலிகள் துவண்டு படுத்தன. ஆனால் முழித்துக்கொண்டிருந்தன. கண் திறந்திருக்கிறது, பயம் இல்லை. அவர் தேடியது வேறு, கண்ணில் பட்டது வேறு.

போருக்குப் பின் அமெரிக்கா போய், கார்ட்டர் என்ற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். கல்லீரல் மாத்திரை விற்றுப் பேர் வாங்கிய கம்பெனி அது. 1950-ல் பெர்கரும் பெர்னார்ட் லுட்விக் என்ற வேதியியலாளரும் மெப்ரோபமேட் என்ற மருந்தைச் செய்தார்கள். கம்பெனி ஆர்வம் காட்டவில்லை. 'பதற்றத்துக்குன்னு தனியா ஒரு மாத்திரையா, யார் வாங்குவாங்க?'

பெர்கர் ஒரு சினிமா எடுத்தார். நிஜமாத்தான் சொல்றேன். கடிக்கப் பாய்கிற குரங்குகளை முதலில் அப்படியே படம் பிடித்தார். அப்புறம் பார்பிட்யூரேட் கொடுத்து, மயங்கிக் கிடப்பதை எடுத்தார். கடைசியில் மெப்ரோபமேட் கொடுத்து எடுத்தார். குரங்கு முழித்திருக்கிறது, சுற்றிப் பார்க்கிறது, கடிக்க வரவில்லை. 1955-ல் மருத்துவ மாநாட்டில் அதைப் போட்டுக் காட்டியதும் கதை மாறியது.

அந்த வருஷம் மே மாசம் மாத்திரை 'மில்டவுன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நியூ ஜெர்சியில் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஊரின் பெயர். 1956-க்குள் அமெரிக்கர்களில் இருபதில் ஒருத்தர் அதைச் சாப்பிட்டுப் பார்த்திருந்தார்கள். 'மில்டவுன் தீர்ந்துவிட்டது' என்று மருந்துக்கடை வாசலில் அறிவிப்பு வைத்தார்கள். டிவி நட்சத்திரம் மில்டன் பெர்ல், என் பேரை மில்டவுன் பெர்ல்னு மாத்திக்கிறேன் என்று ஜோக் அடித்தார். 1958-ல் கம்பெனி ஓவியர் சால்வடோர் டாலியைக் கூப்பிட்டு, மருத்துவர் மாநாட்டில் புழு மாதிரி நீளமான ஒரு கூடாரமே கட்டியது. உள்ளே நடந்து போனால் பதற்றத்திலிருந்து அமைதிக்குப் போவீர்களாம்.

சிரிப்பா இருக்கு, சரி. ஆனால் இதில் ஒரு நல்லதும் நடந்தது, அதையும் சொல்லணும். 'எனக்கு உள்ளுக்குள்ள பயமா இருக்கு' என்று ஒருத்தர் வெட்கப்படாமல் டாக்டரிடம் போய்ச் சொல்ல முடிந்தது. நம்ம ஊரில் இன்னைக்கும் எத்தனை பேர் அப்படிப் போகிறார்கள்? நான் போக நாலு மாசம் எடுத்துக்கிட்டேன். ராத்திரி 2 மணிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டு எழுந்து, மாரடைப்பு என்று நினைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஈசிஜி நார்மல் என்று சொல்லி அனுப்பினார்கள். அது மூன்று தடவை நடந்த பிறகுதான் மனநல மருத்துவரிடம் போனேன். அதுவும் சொந்தக்காரர் யாரும் இல்லாத வேற ஏரியாவில் பார்த்து.

மில்டவுனை ஓரம் கட்டியவர் லியோ ஸ்டெர்ன்பாக். இவரும் ஹிட்லருக்குத் தப்பியவர்தான், போலந்து யூதர், ரோஷ் கம்பெனியின் வேதியியலாளர். 1950களில், தான் கிராக்கோவில் இருந்தபோது சாயத்துக்காகச் செய்த பழைய ரசாயனங்களைத் திரும்ப எடுத்துக் கிளறிக்கொண்டிருந்தார். ஒன்றும் தேறவில்லை. நிறுத்துங்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டது. 1957-ல் மேசையைச் சுத்தம் பண்ணும்போது, சோதிக்காமல் விட்டுப்போன ஒரு தூள் கண்ணில் பட்டது. தூக்கிப் போடாமல் சோதனைக்கு அனுப்பினார்கள். அதுதான் 1960-ல் 'லிப்ரியம்' ஆக வந்தது. 1963-ல் அதன் தம்பி, 'வேலியம்'. நம்ம மருந்துக்கடை மொழியில் டயாசிபாம். இந்தியாவில் 1960களின் கடைசியில் ரான்பாக்ஸி அதையே 'காம்போஸ்' என்று விற்கத் தொடங்கியது. அந்தக் கம்பெனியைப் பெரிய ஆளாக்கியதே அந்த மாத்திரைதான்.

பார்பிட்யூரேட்டோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ பாதுகாப்பு. தனியாக எடுத்தால் சாவு அபூர்வம். அந்த ஒரு காரணத்தாலேயே யாரும் கணக்கு வைக்கவில்லை. 1969-லிருந்து 1982 வரைக்கும் அமெரிக்காவில் மிக அதிகமாக எழுதிக் கொடுக்கப்பட்ட மருந்து வேலியம். 1978-ல் மட்டும் 230 கோடி மாத்திரை. ஆண்களைப் போல இரண்டு மடங்கு பெண்களுக்கு எழுதினார்கள். மிட்செல் கட்டிலில் படுக்க வைத்த அதே வீட்டுப் பெண்ணுக்கு இப்போது மாத்திரை. அவள் ஏன் பதறுகிறாள் என்று இரண்டு காலத்திலும் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

அந்த மாத்திரை மூளையில் எங்கே வேலை செய்கிறது என்பதே 1977-ல்தான் தெரிந்தது. 'காபா' என்று ஒரு ரசாயனம் இருக்கிறது, மூளையின் பிரேக் மாதிரி. பென்சோடயசிபைன் வகை மாத்திரைகள் அந்தப் பிரேக்கை அழுத்த உதவுகின்றன. மாசக்கணக்கில் வெளியிலிருந்து யாரோ பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தால், மூளை தன் பங்குக்கு அழுத்துவதைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால்? பிரேக் இல்லாத வண்டி. முன்னால் இருந்ததைவிட மோசமான பதற்றம், தூக்கமின்மை, நடுக்கம், சிலருக்கு வலிப்பு வரைக்கும் போகும்.

1978-ல் முன்னாள் ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்ட், தான் மதுவுக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளுக்கும் அடிமையாகிவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். 1979-ல் பார்பரா கார்டன் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஒரு புத்தகம் எழுதினார். பல வருஷம் வேலியம் எடுத்தவர், ஒரே நாளில் நிறுத்தி, மனநல மருத்துவமனை வரை போன கதை. அதே வருஷம் அமெரிக்க செனட்டில் எட்வர்ட் கென்னடி விசாரணை நடத்தினார். ஊசல் மறுபக்கம் ஆட ஆரம்பித்தது. மாத்திரை என்றாலே விஷம்.

இந்தக் கூச்சலில் உருப்படியான வேலை பார்த்தவர் இங்கிலாந்தின் நியூகாசிலில் இருந்த பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன். 1982 முதல் 1994 வரை, இந்த மாத்திரைகளை விட நினைப்பவர்களுக்காக ஒரு கிளினிக் நடத்தினார். சுமார் 300 பேர். அவர் செய்தது ரொம்ப எளிமை: உட்கார்ந்து கேட்டார், எழுதிக்கொண்டார். மாசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். வேகத்தை நோயாளியே முடிவு பண்ணலாம். சீக்கிரம் உடம்பை விட்டுப் போகிற மாத்திரை எடுப்பவரை முதலில் மெதுவாகப் போகிற மாத்திரைக்கு மாற்றி, அப்புறம் அதைக் குறைப்பார். அந்த மெதுவான மாத்திரை எது தெரியுமா? டயாசிபாம். வேலியமேதான். வில்லன் என்று சொன்னதையே ஏணியாக வைத்து ஆட்களை இறக்கிவிட்டார். 1988-ல் பிரிட்டன் அரசின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இந்த வகை மாத்திரைகளை இரண்டு முதல் நாலு வாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று மருத்துவர்களுக்கு எழுதியது. வந்து 28 வருஷம் கழித்து.

இப்போ கொஞ்சம் பின்னால் போய், வேற நாட்டுக்குப் போகணும். ஆஸ்திரேலியா. மில்டவுனும் லிப்ரியமும் விற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில் மாத்திரை இல்லாத ஒரு வழி அங்கே உருவானது.

க்ளேர் வீக்ஸ், 1903-ல் சிட்னியில் பிறந்தவர். ஈவ்லின் வாவும் அதே வருஷம்தான். முதலில் விலங்கியல் ஆராய்ச்சியாளர். பல்லி, அரணை இனங்களின் கர்ப்பத்தைப் பற்றி ஆராய்ந்து சிட்னி பல்கலைக்கழகத்தில் அறிவியல் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண். இருபதுகளில் அவருக்குக் காசநோய் என்று தவறாகச் சொல்லிச் சானடோரியத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே சும்மா படுத்துக்கிடந்து தன் நெஞ்சுத் துடிப்பையே கேட்டுக்கொண்டிருந்தார். காசநோய் இல்லை என்று தெரிந்து வெளியே வந்த பிறகும் படபடப்பு போகவில்லை. இரண்டு வருஷம் அப்படியே.

முதல் உலகப் போரில் சண்டை போட்ட ஒரு நண்பரிடம் இதைச் சொன்னார். அவர் ஆச்சரியப்படவே இல்லை. பதுங்குகுழியில் எங்களுக்கும் இப்படித்தான் அடிச்சுக்கும், நீ பயத்தைப் பார்த்துப் பயப்படுறே, அவ்வளவுதான் என்றார். க்ளேருக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

பிற்பாடு மருத்துவம் படித்து டாக்டரானார். 1962-ல் நரம்புக் கோளாறுக்குத் தானே உதவிக்கொள்வது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சாரம் இதுதான்: படபடப்பு வரும்போது அதோடு சண்டை போடாதே, ஓடாதே, வரட்டும் என்று விட்டுவிட்டு மிதந்து போ, நேரத்தைக் கொடு. வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்காகத் தன் குரலைக் கிராமபோன் தட்டில் பதிவு பண்ணி அனுப்பினார். காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற ஆறுதல். பாட்காஸ்ட் பண்ற ஆள்னால எனக்கு இதில் கொஞ்சம் பாசம் ஜாஸ்தி. மனநல நிபுணர்கள் அவரை ரொம்ப நாள் மதிக்கவில்லை. சாதாரண டாக்டர், ஜனரஞ்சகப் புத்தகம் என்று ஒதுக்கினார்கள்.

அதே காலத்தில், 1959 வாக்கில், நியூயார்க்கில் ஹில்சைடு மருத்துவமனையில் இன்னொன்று நடந்தது. என்னைக் கேட்டால் இந்த 150 வருஷத்தில் முக்கியமான இடம் இதுதான். டொனால்ட் க்ளைன் என்ற இளம் மனநல மருத்துவர், கடுமையான பயத்தோடு இருந்த நோயாளிகளுக்கு இமிப்ரமின் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். மில்டவுன் மாதிரி உடனே அமைதிப்படுத்துகிற மருந்து இல்லை. வேலை செய்யச் சில வாரம் ஆகும். நோயாளியைக் கேட்டால், ஒரு முன்னேற்றமும் இல்லை என்றார். டாக்டருக்கும் தெரியவில்லை. கவனித்தவர்கள் வார்டு நர்ஸ்கள். "இவர் தினமும் நாலு தடவை 'நான் சாகப் போறேன்'னு எங்க மேசைக்கு ஓடி வருவார். கொஞ்ச நாளாக வரவில்லை."

அதாவது, திடீரென்று வருகிற அந்தப் பேனிக் அட்டாக் நின்றுவிட்டது. ஆனால் அவருக்கே அது தெரியவில்லை, ஏன்னா அடுத்தது எப்போ வருமோ என்ற பயம் அப்படியே இருந்தது. வார்டை விட்டுத் தனியாக வெளியே போகமாட்டேன் என்ற பிடிவாதமும் அப்படியே. மருந்து தீயை அணைத்துவிட்டது. தீ அணைந்துவிட்டது என்று அந்த மனுஷன் நம்புவதற்கு, அவர் எழுந்து, கதவைத் திறந்து, வெளியே நடந்து பார்க்க வேண்டியிருந்தது. திரும்பத் திரும்ப. அதை மாத்திரை செய்யாது. மாத்திரை இல்லாமல் அந்தக் கதவு வரைக்கும் வர அவரால் முடியவில்லை என்பதும் உண்மை.

ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற பழக்கம் உடனே வந்துவிடவில்லை. உடற்பயிற்சியையே எடுத்துக்குங்க. 1967-ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், பதற்ற நோய் உள்ளவர்களுக்கு லாக்டேட் என்ற பொருளை நரம்பில் ஏற்றினால் பேனிக் அட்டாக் வருகிறது என்று காட்டினார்கள். ஓடும்போது தசையிலும் லாக்டேட் உண்டாகும். அப்போ இவர்கள் ஓடினால் ஆபத்து ஆச்சே! இப்படி ஒரு சந்தேகம் பல வருஷம் இருந்தது. நெஞ்சு அடித்துக்கொள்வதைப் பார்த்துப் பயப்படுகிறவனுக்கு ஓடுவதே பயம். அதற்கு இப்போது விஞ்ஞானமும் துணை.

1998-ல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ப்ரூக்ஸ் குழு இதை நேராகச் சோதித்தது. பேனிக் நோய் உள்ள 46 பேர், பத்து வாரம். ஒரு குழு வாரா வாரம் ஓடியது. ஒரு குழுவுக்கு க்ளோமிப்ரமின் மாத்திரை. ஒரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. ஓடினவர்கள் வெற்று மாத்திரைக்காரர்களைவிடத் தெளிவாகத் தேறினார்கள். யாருக்கும் ஓட்டத்தால் ஆபத்து வரவில்லை. ஆனால் நிஜ மாத்திரை எடுத்தவர்கள் இன்னும் சீக்கிரமாக, இன்னும் அதிகமாகத் தேறினார்கள். இன்னொரு கணக்கும் உண்டு, வாட்ஸப்பில் 'ஓடினால் போதும்' என்று அனுப்புகிறவர்கள் அதைச் சொல்வதில்லை: ஓட்டக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பேர் பாதியில் விட்டுவிட்டார்கள். மாத்திரைக் குழுவில் ஒருத்தரும் விடவில்லை. பயத்தோடு இருக்கிற ஆளைப் பார்த்து 'எழுந்து ஓடு' என்பது எவ்வளவு பெரிய கோரிக்கைன்னு அதில் தெரியுது.

2008-ல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, பதற்ற நோய் உள்ள 488 குழந்தைகளைப் பார்த்தது. 7 வயதிலிருந்து 17 வரை. செர்ட்ராலின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 55 சதவீதம் நன்றாகத் தேறினார்கள். சிபிடி என்கிற, பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்குகிற சிகிச்சை மட்டும் என்றால் 60. வெற்று மாத்திரை 24. இரண்டும் சேர்ந்தால் 81. க்ளேர் வீக்ஸ் தட்டில் பேசியதும் க்ளைன் வார்டில் பார்த்ததும் ஒரே அறைக்குள் வர கிட்டத்தட்ட 50 வருஷம் ஆகியிருக்கு.

என் கதையை முடிச்சிடறேன். எனக்கு எழுதிக் கொடுத்தது வேலியம் வகை இல்லை. எஸ்எஸ்ஆர்ஐ என்று சொல்கிற, இப்போது பதற்றத்துக்கு முதலில் கொடுக்கிற வகை. வேலை செய்ய மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அப்புறம் நன்றாக இருந்தேன். தினமும் 40 நிமிஷம் நடந்தேன், சாயங்காலக் காபியை விட்டேன், 11 மணிக்குப் போனை வேற ரூமில் வைத்தேன். பத்து மாசத்தில் 'நடைதான் என்னைக் காப்பாத்துது, மாத்திரை எதுக்கு?' என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே நிறுத்திட்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

மூணாவது நாள் தலை சுற்றல். திரும்பிப் பார்த்தால் தலைக்குள் சின்னதாக ஷாக் அடிக்கிற மாதிரி. தூக்கம் போச்சு. எனக்கு நோய் திரும்பி வந்துவிட்டது, இனி வாழ்நாள் முழுக்க மாத்திரைதான் என்று அழுதேன். டாக்டர் திட்டவில்லை. இது நோய் இல்லை, திடீர்னு நிறுத்தினதால வர்றது, நீங்க ஆசைப்பட்டது தப்பில்லை, நிறுத்தின விதம்தான் தப்பு என்றார். பழைய அளவுக்குத் திரும்பினோம். இன்னும் ஆறு மாசம் போகட்டும் என்றார். அதன் பிறகு குறைக்க ஆரம்பித்தோம். மருந்துச் சீட்டின் பின்பக்கம் கட்டம் போட்டுக் கொடுத்தார்: இந்தத் தேதி வரை முழுசு, இந்தத் தேதி வரை பாதி, அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இல்லை, தினமும் கால். ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழேயும் 'நடந்தீர்களா?' என்று ஒரு கோடு. அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கு. அது எனக்காகப் போட்ட கட்டம், உங்களுக்கு வேற மாதிரி இருக்கும், அதை அப்படியே எடுத்துக்காதீங்க.

குரல் பதிவு அனுப்பின தம்பிக்கு நான் பதில் அனுப்பினேன். எது சரின்னு சொல்லவில்லை. அடுத்த தடவை போகும்போது டாக்டர்கிட்ட மூணு விஷயம் கேளுங்கன்னு எழுதினேன்: இந்த மாத்திரை எந்த வகை? எவ்வளவு நாளைக்கு? நிறுத்தும்போது எப்படி நிறுத்துவோம்? வீட்டில் சொல்கிற நடையையும் இன்னைக்கே ஆரம்பிங்க, அதுக்காக மாத்திரையை ஒளிச்சு வைக்க வேண்டாம். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. டாக்டர் எட்டு மாசம்னு சொல்லியிருக்காராம். அம்மாவும் கூட நடக்க வர்றாங்களாம்.

ஈவ்லின் வாவை நடுக்கடலில் விட்டுட்டு வந்துட்டேன். ஊர் திரும்பிப் புரோமைடை நிறுத்திய பிறகு அவர் தேறினார். நடந்ததையெல்லாம் வைத்து 1957-ல் ஒரு நாவலே எழுதினார், 'த ஆர்டீல் ஆஃப் கில்பர்ட் பின்ஃபோல்ட்'. கப்பலில் போகிற ஒரு எழுத்தாளர், அவருக்கு மட்டும் கேட்கும் குரல்கள். வெளியே தெரிந்தால் பேர் கெட்டுவிடும் என்று மறைக்க வேண்டிய விஷயம் என்று அவர் நினைக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், ஆமா, அது நான்தான் என்று சொன்னார்.

அடுத்த எபிசோடில் தூக்கம்.